ஊற்று வெள்ளம்: சொல் விளக்கம்

'கிரவுண்ட்வாட்டர் ஃபிளடிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நிலத்தடி நீர் வெள்ளம்' என்று வரும். தப்பில்லை. ஆனால் அந்தத் தொடரைக் கேட்டவுடன் நம் கண்முன் வருவது கரைபுரண்டு ஓடும் ஆறுதான். நடப்பதோ வேறு.

நிலத்துக்குள் இருக்கும் நீர்மட்டம் மெல்ல ஏறி, தரையைத் தொட்டு, தரைக்கு மேலும் வந்துவிடுவதே இதன் பொருள். ஏரி உடைந்திருக்காது, ஆறு கரை தாண்டியிருக்காது. மழை விட்டு நாட்களோ வாரங்களோ கழித்து, வானம் வெளுத்த பிறகு, வீட்டுத் தரையின் இடுக்குகளில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் சேறில்லாத, தெளிந்த தண்ணீர்.

முன்பு நான் குடியிருந்த அடுக்ககத்தில் ஓர் ஐப்பசியில் லிஃப்ட் நின்றுபோனது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. குழியைத் திறந்தால் முழங்காலளவு தண்ணீர். அடியில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம் பளிச்சென்று தெரிந்தது. மோட்டார் போட்டு இறைத்தார்கள். மறுநாள் காலையில் பழையபடி அதே அளவு நின்றது. இறைக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது மழைத்தண்ணி இல்ல சார், ஊத்து" என்றார்.

எனக்கு வேண்டிய சொல் அவர் வாயில் இருந்தது. ஊற்று வெள்ளம்.

'ஊறு' என்ற வினையிலிருந்து வந்தது ஊற்று. கிணறு ஊறுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, உப்பில் மாங்காய் ஊறுகிறது. மூன்றிலும் சத்தமோ வேகமோ இல்லை. உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகுவதும் நுண்துளைகளில் நிறைவதும்தான் இருக்கிறது. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்ற குறளில் வருவதும் இதே ஊறுதல்தான்.

'வெள்ளம்' என்றால் ஓடித்தான் ஆக வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. மலையாளத்தில் இன்றும் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர், குடிக்கிற தண்ணீர். "வெள்ளத் தனைய மலர்நீட்டம்" என்ற குறளிலும் அது குளத்தில் நிற்கும் நீர்தான். ஆகவே ஊறி நிறைந்து நிற்கும் நீரை வெள்ளம் என்பதில் தமிழுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

'ஓதம்' என்ற சொல்லையும் நினைத்துப் பார்த்தேன். சுவரில் ஏறும் ஈரத்தையும் குறிக்கும், கடல் அலையையும் வெள்ளத்தையும் குறிக்கும் அருமையான சொல் அது. ஆனால் புவியியல் பாடநூல்கள் கடல் ஏற்ற இறக்கத்துக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டன. 'ஓத வெள்ளம்' என்றால் கடலோர வெள்ளம் என்றே படிப்பார்கள். அதனால் விட்டுவிட வேண்டியதாயிற்று.

இந்த வெள்ளத்தோடு நெடுங்காலம் பழகிய இடம் தெற்கு இங்கிலாந்து. அங்கே குன்றுகள் 'சாக்' என்ற வெண் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. பழகியதற்கு அடையாளம், ஊருக்கு ஊர் தனிச்சொல் இருப்பது. குளிர்காலத்தில் மட்டும் ஊற்றெடுத்து ஓடும் ஓடைக்கு டார்செட், வில்ட்ஷயர் பக்கம் 'விண்டர்போர்ன்'. குளிர்கால ஓடை என்று பொருள். அதையே பெயராகக் கொண்ட ஊர்களும் உண்டு. கென்ட்டில் 'நெயில்போர்ன்'. தெற்கை விட்டு வடக்கே போனால், அங்கும் சாக் குன்றுகள் உள்ள யார்க்ஷயரில் 'கிப்சி'. சசெக்ஸில் 'லேவன்ட்'. லேவன்ட்டுகள் கிளம்பினால் தானிய விலை ஏறும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை 18ஆம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட் எழுதி வைத்திருக்கிறார். மேட்டிலேயே ஊற்று உடைக்கிறது என்றால் பள்ளத்து வயல்கள் மூழ்கியிருக்கும், அதுதான் கணக்கு.

அந்தப் பாறை ஏன் இப்படிச் செய்கிறது? அதன் நுண்துளைகளில் நிறைய நீர் உண்டு, ஆனால் அது அசையாது. ஏறி இறங்குவது பெரும்பாலும் விரிசல்களில் இருக்கும் நீர்தான். அந்த இடம் பாறையின் பருமனில் 100இல் 1 பங்கு அளவுதான். அப்படியானால், மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கும் 10 மில்லிமீட்டர் நீர், நீர்மட்டத்தை ஏறக்குறைய 1 மீட்டர் உயர்த்திவிடும். மணலில் இதே நீர் 5 சென்டிமீட்டர் போல உயர்த்தினால் பெரிது. அதனால்தான் சாக் குன்றுகளில் ஒரே ஆண்டுக்குள் கிணற்று மட்டம் பத்து மீட்டர்களுக்கும் மேல் ஏறி இறங்குகிறது.

இங்கே 'நீர்மட்டம்' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கொத்தனார் கையில் மட்டம் என்றால் மேடு பள்ளம் இல்லாதது. நிலத்தடி நீர்மட்டமோ சமமாக இருப்பதில்லை. குன்றுக்கு அடியில் உயர்ந்தும் பள்ளத்தாக்கை நோக்கித் தாழ்ந்தும் போகும். மழை மிகும்போது அது மொத்தமாக எழும்ப, ஊற்றுக்கண் பள்ளத்தாக்கில் மேலே மேலே நகரும். போன மாதம் காய்ந்து கிடந்த ஓடைத்தடத்தில் இந்த மாதம் நீர் ஓடும். அந்தத் தடத்தில் வீடு கட்டியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

1994 ஜனவரியில் சசெக்ஸின் சிசெஸ்டர் நகருக்குள் புகுந்தது, சாக் ஊற்றுகளால் ஓடும் லேவன்ட் ஆறு. 2000-01 குளிர்காலத்தில் பிரைட்டனின் பேச்சம் பகுதி, ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் கிராமம் என்று பல ஊர்கள் மூழ்கின. 2013-14இல் ஹாம்பிள்டன் மறுபடியும் மாட்டிக்கொண்டது.

ஆனால் ஊற்று வெள்ளம் சொல்லாமல் வருவதில்லை. எந்தக் கிணற்றைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும். சசெக்ஸில் சில்குரோவ் என்ற இடத்துக் கிணற்றின் மட்டத்தை 1836 முதல் பதிந்து வருகிறார்கள். உலகின் மிக நீண்ட நிலத்தடி நீர்ப் பதிவுகளில் அது ஒன்று. அளக்கும் முறை நம் ஊரில் கிணற்றுக்குள் கயிறு விட்டு 'எத்தனை ஆள் தண்ணி' என்று பார்ப்பது மாதிரிதான்: நாடாவை இறக்குவார்கள், முனை நீரைத் தொட்டதும் கருவி கூவும், எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். இப்போது பல கிணறுகளில் அழுத்த உணரி தானாகவே பதிகிறது. இந்த அளவுக்கு மேல் ஏறினால் இன்ன ஊருக்கு ஆபத்து என்று முன்பே வரையறுத்து, அதைத் தொடும்போது இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை அறிவிப்பு விடுகிறது. ஊற்று வெள்ளத்துக்கான பொறுப்பை 2010ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது.

இந்தக் கிணறுகளை 'நோக்குக் கிணறு' என்றும், ஆபத்தைக் காட்டும் அளவை 'எச்சரிக்கை மட்டம்' என்றும் சொல்லலாம். இரண்டும் யாருக்கும் புரியும்.

பெயரைச் சரியாக வைக்க நான் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. வெறும் வெள்ளம் என்று நினைப்பவர் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார். ஊற்று என்று தெரிந்தவருக்கு நீர் தரை வழியாக வரும் என்று புரியும். அவர் செய்ய வேண்டியது வேறு: மின் இணைப்புகளை உயரத்துக்கு மாற்றுவது, பத்திரங்களை மாடிக்கு ஏற்றுவது, தரைக்கடியில் குழி வெட்டி மோட்டாரைத் தயாராக வைப்பது. நிலத்தடி அறையில் நின்ற நீரை அவசரமாக இறைத்துவிடவும் கூடாது. வெளியே மண்ணில் நிற்கும் நீரின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடும். அப்புறம் கழிவறை. பாதாளச் சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியே ஊற்று நீர் உள்ளே புகுந்துவிட்டால், வீட்டுக்குள் சொட்டு ஈரம் இல்லாவிட்டாலும் கழிவறையில் தண்ணீர் இறங்காது. கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அது வாரக்கணக்கில் நீடித்தால் என்ன பாடு என்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுதும்போது வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ஆற்று வெள்ளம் 'வந்தது', 'வடிந்தது' என்போம். ஊற்று வெள்ளம் வடிவதற்கு இடமே இல்லை. கீழே உள்ள மட்டம் இறங்கினால்தான் மேலே உள்ளது போகும், அதற்கு மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே ஊற்று வெள்ளம் 'ஊறியது', பிறகு 'உள்வாங்கியது' என்று எழுதுவதே பொருத்தம்.