விழுங்கும் தேன் குரல்நாணுக்குப் போவதில்லை

இந்த டிசம்பரில் இது நான்காவது. 15 வயதுப் பெண், பள்ளி கொயரில் (பாடகர் குழுவில்) முதல் வரிசை சோப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடுபவள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. கையில் பிளாஸ்க். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை, எனக்குத் தெரியும். வெந்நீரில் தேன், கொஞ்சம் இஞ்சி, மணிக்கொரு தடவை, ஆறு வாரமாக.

"இவ்வளவு குடிச்சும் கரகரப்பு போகலையே டாக்டர்?" என்றார் அம்மா.

எப்படிப் போகும்?

காது மூக்கு தொண்டை மருத்துவராக நான் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன ஒரு விஷயம்: நீங்கள் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடாது. தேன் தொடாது, இஞ்சி தொடாது, மருந்துக்கடையில் வாங்கும் சிரப்பும் தொடாது. குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். கழுத்தின் முன்பக்க மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அது மேலே ஏறி இறங்கும். அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிழ்ந்து, குரல்நாண்கள் இரண்டும் இறுக ஒட்டிக்கொள்கின்றன. விழுங்கியது பின்பக்கமாக உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. தப்பித் தவறி ஒரு சொட்டு குரல்நாணில் பட்டால் புரையேறும், கண்ணில் நீர் வர இருமுவீர்கள். புரையேறவில்லையா? அப்படியென்றால் தேன் அங்கே போகவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

கொப்பளிப்பதும் தொண்டையின் பின்சுவரோடு சரி, அதற்குக் கீழே இறங்காது. மென்தால் மிட்டாய் இன்னும் மோசம். அது தொண்டையை மரத்துப்போக வைக்கும். வலி தெரியாததால் பிள்ளை இன்னும் உரக்கப் பாடும். தண்ணீர் நல்லதுதான், நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். ஆனால் அது ரத்தத்தில் கலந்து உடம்பைச் சுற்றி வந்துதான் குரல்நாணுக்கு ஈரம் தரும். மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பாட்டிலைக் காலி செய்தால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பாத்ரூம் தேட வேண்டியதுதான். குரல்நாணுக்கு நேராகப் போவது நாம் மூச்சில் இழுக்கும் காற்றும் அதிலுள்ள ஈரமும்தான். அதனால் ஆவி பிடிப்பதை நான் தடுப்பதில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அம்மா பேசிக்கொண்டிருந்தபோது அவள் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். நான் எண்ணினேன், பதினொரு தடவை. "ஈ" என்று இழுக்கச் சொன்னேன். முதலில் வெறும் காற்று, பிறகுதான் சத்தம், அதுவும் நடுநடுவே அறுந்து அறுந்து. ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) போட்டுத் திரையைக் காட்டினேன். இரண்டு குரல்நாணிலும் எதிரெதிரே, முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு வெளுப்பாக ஒரு தடிப்பு. குரல்நாண் முடிச்சு. (எந்த இடத்தில் வரும் என்பது எங்கள் மாணவர்களிடம் தேர்வில் தவறாமல் கேட்கும் கேள்வி. அதிர்வின் வீச்சும் மோதலும் அங்கேதான் அதிகம்.) குரல்நாண்கள் மூடும்போது முடிச்சுகள் மட்டும் முட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் இடைவெளி விழுகிறது. கேட்ட காற்று அந்த வழியாகக் கசிந்ததுதான்.

நடு சி-க்கு மேலே வரும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 440 தடவை அந்த இரண்டு நாண்களும் மோதுகின்றன. நாலு நொடி பிடித்தால் 1760. நன்றாகப் பாடினால் இதைத் தாங்கத்தான் அவை படைக்கப்பட்டிருக்கின்றன, கத்தினால் தாங்காது. கொயரில் பிள்ளைகள் தமக்கே தெரியாமல் கத்துகிறார்கள் என்பதுதான் சிக்கல். சுற்றிலும் நாற்பது பேர் பாடும்போது தன் குரல் தன் காதில் விழாது, விழுகிற வரைக்கும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். 1911-இல் இதைப் பற்றி எழுதிய எத்தியன் லொம்பார்ட் எங்கள் துறைக்காரர்தான். மாஸ்டர்மார்களே, தோளோடு தோள் உரச நிற்க வைக்காதீர்கள். ஒரு கை இடைவெளி விட்டு நிறுத்திப் பாருங்கள், அவரவர் குரல் அவரவருக்குக் கேட்கும்.

கொயரை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். கேட்டதில், அந்தப் பெண் விளையாட்டு அணிக்கும் கேப்டன். மைதானத்தில் கத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே நேராக ஒத்திகைக்கு ஓடியிருக்கிறாள்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாடற மாதிரி ஊசி ஏதாவது..." என்று அம்மா தொடங்கினார். இந்தக் கேள்வி வராத டிசம்பர் கிடையாது. ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் வடிந்து குரல் திரும்பியது போலவே இருக்கும். அந்தத் தெம்பில் முழு பலத்தோடு பாடுவாள். முடிச்சு அங்கேயே இருக்கும். நாணுக்குள் ரத்தம் கசிந்தால் மேடையிலேயே குரல் அறுந்துபோகும். போட மாட்டேன் என்றேன். அறுவை சிகிச்சையும் வேண்டாம். இந்த வயது முடிச்சுகளில் பெரும்பாலானவை ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் சில மாதம் பழகினாலே அடங்கிவிடும்.

அதுவரை பேசாதிருந்த பெண் அப்போதுதான் வாய் திறந்தாள், கிசுகிசுப்பாக. "ஆண்டவருக்குப் பாடறப்போ வலியெல்லாம் பார்க்கக் கூடாதுன்னு சீனியர் அக்கா சொன்னாங்க." எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. பைபிளின் 69-ஆம் சங்கீதத்தில் சங்கீதக்காரனே, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோனது என்றுதானே புலம்புகிறான், வலியை மறைத்தானா என்று கேட்டேன். சிரித்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: கிசுகிசுப்பது ஓய்வு இல்லை. பலர் அப்படிப் பேசும்போது குரல்வளையின் மேல் தசைகளை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பேசினால் மெல்லிய சாதாரணக் குரலில் பேசு, இல்லாவிட்டால் பேசாதே.

பையன்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மகரக்கட்டு உடையும் வயதில் குரல் ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும். அது நோயும் இல்லை, சோம்பலும் இல்லை. சிரிக்காதீர்கள், போன வருஷம் சோப்ரானோ பாடினான் என்பதற்காக இந்த வருஷமும் அங்கேயே நிறுத்தாதீர்கள். பெரிய இசையமைப்பாளரான ஜோசப் ஹேடனையே குரல் உடைந்ததும் 1749-இல், 17 வயதில், வியன்னா பேராலயக் கொயரிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நீங்களும் அனுப்ப வேண்டாம். குரல் எட்டுகிற நாலைந்து ஸ்வரத்துக்குள் ஒரு பகுதியைக் கொடுங்கள்.

சளி, காய்ச்சலோடு வருகிற பிள்ளையை உட்கார்ந்து கேட்க விடுங்கள். செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் போதும். பாடும்போது திடீரென்று குரல் போனால் அந்த நொடியே நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். கரகரப்பு நாலு வாரத்தைத் தாண்டினால் ஸ்கோப் பார்த்தே ஆக வேண்டும். தயவுசெய்து, ஒத்திகை நடக்கும்போதே கூட்டி வாருங்கள்; ஆராதனைக்கு முந்தின வாரம் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கொயர் மாஸ்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: வரிசையில் நிற்கலாம், பியானோ வாசிப்பவருக்கு இசைத்தாளைப் புரட்டிக் கொடுக்கலாம், ஆறு வாரத்துக்குப் பாடக் கூடாது.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். மரியாதையான மனிதர், வருத்தம் தெரிவித்தார், நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டாக்டர், சும்மா கிசுகிசுன்னு பாடினா பரவாயில்லைதானே?"