முதல் பாஸ் மீனுக்கு 50 பவுண்டு நூல் எதற்கு?

போன மாதம் ஒரு பத்து வயதுப் பையனின் புருவத்தில் தூண்டில் முள் ஏறிவிட்டது. கண்ணுக்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. படகில் அவனோடு இருந்தவர்கள் அவன் அப்பாவும் நானும். பாஸ் என்பது சிறிய மீன்களை வேட்டையாடித் தின்னும் நன்னீர் மீன். புதிதாக அதைப் பிடிக்க வருபவர்களை ஏரிக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுப்பது என் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறேன். முள் குத்தி, பாதியில் கரை திரும்பியது இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். தண்ணீருக்குள் விழுந்து கிடந்த மரத்தில் பையனின் அப்பாவுடைய லூர் மாட்டிக்கொண்டது. லூர் என்றால் மீன் குஞ்சு போலச் செய்த, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கும் செயற்கை இரை. அவர் ராடை, அதாவது தூண்டில் கோலை, தலைக்கு மேல் தூக்கி ஒரு இழு இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். நான் "வேண்டாம், விடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது தடவையும் இழுத்துவிட்டார். கையில் இருந்தது ஏழடிக்கு மேல் நீளமான கனத்த ராடு. நூல் சுற்றும் ரீலில் 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நூல். வில்லாக வளைந்த ராடு நிமிர, மரத்திலிருந்து விடுபட்ட லூர் படகை நோக்கிப் பறந்து வந்தது. 8 பவுண்டு நூலாக இருந்திருந்தால் மரத்தடியிலேயே அறுந்திருக்கும். ஒரு லூர் போயிருக்கும், அவ்வளவுதான்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். காலையில் அவர் பெட்டியைத் திறந்தபோதே அந்த ராடை வாங்கி ஓரமாக வைத்திருக்க வேண்டும். ஆசையாக வாங்கி வந்திருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். இனி யாருக்காகவும் விடமாட்டேன்.

ஏன் இவ்வளவு கனமான சாமான் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பெரிய மீன் மாட்டினா அறுந்துடக் கூடாதில்லையா?"

இந்த ஒரு எண்ணத்தை எப்படியாவது உங்கள் தலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். உலகத்தில் இதுவரை பதிவான லார்ஜ்மவுத் பாஸ்களிலேயே பெரியதை 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. அதற்குச் சமமான மீன் மறுபடி மாட்ட 77 வருடம் ஆனது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தார். நீங்களும் நானும் ஒரு நல்ல நாளில் பிடிப்பது அரைக் கிலோ, ஒரு கிலோ மீன். இரண்டு கிலோ வந்தால் அன்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவோம். உலகச் சாதனை மீனைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான எடையைத் தூக்கும் நூலை, ஒரு கிலோ மீனுக்காக ரீலில் சுற்றி வருகிறீர்கள்.

இன்னொன்று. 8 பவுண்டு நூல் என்றால் 8 பவுண்டு மீன் வரைதான் தாங்கும் என்று அர்த்தமே கிடையாது. தண்ணீரில் இருக்கும் மீனின் முழு எடையும் நூலில் தொங்குவதில்லை. அது இழுக்கும்போது ராடு வளைந்து கொடுக்கும், ரீலில் இருக்கும் டிராக் என்ற பிரேக் நழுவி நூலை விட்டுக் கொடுக்கும். நூலின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கை வைத்தால் போதும். 8 பவுண்டு நூலுக்கு அது கிட்டத்தட்ட ஒரு கிலோ. தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டிலை நூலில் கட்டி, ரீலிலிருந்து நேராகத் தொங்கவிடுங்கள். டிராக் மெல்ல நழுவினால் சரி. நழுவாமல் கெட்டியாக நின்றால் தளர்த்துங்கள். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் டிராக் திருகை அசைய முடியாதபடி இறுக்கித்தான் கொண்டுவருகிறார்கள். மீன் போனது நூல் மெலிசு என்பதால் இல்லை, இந்தத் திருகால்தான்.

சரி, போட்டி வீடியோக்களில் 50 பவுண்டு பிரெய்டு போடுகிறார்களே? போடுகிறார்கள், காரணம் இருக்கிறது. தண்ணீர்மேல் மெத்தை மாதிரிப் படர்ந்த செடிகளுக்குள் ரப்பர் தவளையை விட்டு, மாட்டிய மீனைச் செடிக் குவியலோடு சேர்த்து வெளியே இழுக்கிறார்கள். அந்த பலம் செடிக்காக. முதல் வருடத்தில் உங்களுக்கு அந்த வேலை இல்லை.

அப்புறம் பெய்ட்காஸ்டர் ரீல். தயவுசெய்து முதல் ரீலாக அதை வாங்காதீர்கள். அதில் நூல் சுற்றிய உருளையே சுழலும். லூர் தண்ணீரைத் தொட்டபிறகும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் நூல் குப்பென்று சிக்கிக்கொள்ளும். கட்டைவிரலால் அதை அடக்கும் பழக்கம் வர மாதக்கணக்காகும். எடை குறைந்த லூரை அதில் வீசுவதும் கஷ்டம். காலை ஆறு மணி வெளிச்சத்தில் மீன் கரையோரம் மேய்ந்துகொண்டிருக்க, படகில் குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

வாங்க வேண்டியது ஸ்பின்னிங் ராடும் ஸ்பின்னிங் ரீலும். இதில் வீசும்போது உருளை சுழலாது, நூல் மட்டும் கழன்று போகும். ராடு ஆறரை அடியிலிருந்து ஏழடிக்குள், மீடியம் பவர் என்ற நடுத்தர விறைப்பு, நுனிப் பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். கைப்பிடிக்குச் சற்று மேலே எந்த நூல், எந்த எடை லூர் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். 6 முதல் 12 பவுண்டு நூல், 1/8 முதல் 1/2 அவுன்ஸ் லூர் என்பது போல இருந்தால் அதுதான் உங்களுடையது. ரீல் 2500 அளவு, அந்த எண் ரீலிலேயே இருக்கும். நூல் 8 பவுண்டு மோனோ, நம் ஆட்கள் தங்கூசி என்பார்களே அதுதான். உருளையின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை சுற்றுங்கள். வழியச் சுற்றினால் வளையம் வளையமாகக் கழன்று வரும். வீசி முடித்ததும் ரீலின் கம்பி வளைவைக் கையால் மூடி, நூலை ஒரு இழுப்பு இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றுங்கள். சிக்கில் பாதி இதிலேயே போய்விடும்.

லூர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். முதல் பத்து நாள் மும்முனை முள்ளே வேண்டாம். மிருதுவான பிளாஸ்டிக் புழு ஒரு பாக்கெட், தலைப்பக்கம் மடிந்திருக்கும் ஆஃப்செட் முள் 3/0 அளவில் ஒரு பாக்கெட், தோட்டா வடிவ எடைக்குண்டு 1/8 அவுன்ஸில் நாலைந்து. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டும் முறைக்கு டெக்ஸஸ் ரிக் என்று பெயர், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். முள்ளின் நுனி புழுவின் உடலுக்குள்ளேயே மறைந்திருப்பதால் மரத்திலும் செடியிலும் அவ்வளவு எளிதாக மாட்டாது. பாஸ் இருப்பதே மரத்தடியிலும் செடி ஓரத்திலும் படகுத்துறையின் நிழலிலும்தான். பயமில்லாமல் அங்கே வீச இதைவிட நல்ல வழி கிடையாது. 1949-இல் ஒஹையோவின் ஆக்ரனில் நிக் க்ரீம் என்பவர் இந்தப் பிளாஸ்டிக் புழுவைச் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை பாஸ் இதைக் கடிப்பதை நிறுத்தவில்லை. எடைக்குண்டு ஈயத்தில் வேண்டாம், டங்ஸ்டனிலோ ஸ்டீலிலோ வாங்குங்கள். ஈயத்தை விழுங்கும் நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன. பிரிட்டனில் சிறிய ஈயக் குண்டுகளை 1987-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

முடிச்சுக்கு பாலமர் ஒன்று போதும். எச்சில் தொட்டு இறுக்குங்கள். காய்ந்த நூலை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் பலம் குறைந்துவிடும்.

புழுவைச் செடி ஓரத்தில் வீசி, விழ விடுங்கள். சுற்றாதீர்கள். இதைத்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். பெரும்பாலான கடி புழு அடிக்கு இறங்கும்போதே விழும், நீங்களோ அதற்குள் பாதித் தூரம் சுற்றி எடுத்துவிடுகிறீர்கள். கண் நூலில் இருக்கட்டும். நூல் லேசாகத் துள்ளினாலோ, ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, இறங்க வேண்டிய நேரத்துக்கு முன்பே தொய்ந்து நின்றாலோ மீன் எடுத்துவிட்டது. தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ராடை உயர்த்தி ஒரு வீச்சாக இழுங்கள். கடி இல்லையா? ராடு நுனியை ஒரு அடி தூக்கி மறுபடி விழ விடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இதையும் பாதி வேகத்தில் செய்யுங்கள். குளிரில் பாஸின் உடலே மந்தமாகிவிடும், ஓடும் இரையைத் துரத்தாது.

இனி நான் கெஞ்சிக் கேட்கும் விஷயங்கள்.

கண்ணாடி போடுங்கள். வெயில் இல்லாவிட்டாலும், மூன்று வயதுக் குழந்தையாக இருந்தாலும் போட வேண்டும். படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். வீசும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

லூர் மாட்டினால் ராடை வளைக்கவே வளைக்காதீர்கள். படகை மாட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எதிர்த்திசையிலிருந்து மெல்ல இழுத்தால் பாதி நேரம் வந்துவிடும். வரவில்லை என்றால் ராடை நூலுக்கு நேராக நீட்டி, உருளையைக் கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்து அறுத்துவிடுங்கள். பிரெய்டு நூலைக் கையில் சுற்றி இழுத்தால் கத்தி மாதிரி விரலை அறுக்கும். ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். அறுந்த நூலைத் தண்ணீரில் போடாதீர்கள், பறவையின் காலில்தான் போய்ச் சுற்றும்.

எல்லா முள்ளிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறிய எதிர்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். மீன் தப்பிவிடும் என்கிறார்கள். நூலைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் போகாது. அந்தப் பையனின் புருவத்தில் ஏறிய முள்ளில் எதிர்முள் அமுக்கியிருந்தால் வந்த வழியே கழன்றிருக்கும்.

முகத்திலோ கழுத்திலோ மூட்டிலோ முள் ஏறினால் நீங்களே பிடுங்கக் கூடாது. நூலை வெட்டுங்கள், லூர் ஆடாமல் துணியால் கட்டுங்கள், மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும், மின்கம்பிக்குக் கீழேயும் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள்.

பிடித்த மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே இன்னொரு கை கொடுங்கள். திரும்ப விடலாமா என்பதை அந்த ஏரியின் விதி சொல்லும். பாஸ் அயல் இனமாக வந்து சேர்ந்த பிவா போன்ற ஏரிகளில் பிடித்ததைத் திரும்ப விடக் கூடாது. ஓர் ஏரியில் பிடித்ததை இன்னொன்றில் விடுவது எங்கேயும் வேண்டாம்.

பையனுக்குத் தழும்பு சின்னதுதான். அவன் அப்பா நேற்று அழைத்தார். 2500 ரீல் வாங்கிவிட்டாராம், பையன் மறுபடி வரவேண்டும் என்கிறானாம். பழைய பெட்டியையும் எடுத்து வரலாமா என்று கேட்டார். புழுவும் குறடும் போதும், இரண்டு பேருக்கும் கண்ணாடி மறக்காதீர்கள் என்றேன்.