பார்க்க வந்தவர் கையில் பேனா எதற்கு?

டேட்டாபேஸில் (தகவல்களை டேபிள்களாகச் சேமிக்கும் இடம்) ஒரு ஃபோன் நம்பரைப் பார்த்துக் காப்பி எடுக்கத்தான் ரெக்கார்டை, அதாவது ஒருவருடைய பதிவை, திறக்கிறார்கள். கன்ட்ரோலோடு ‘சி’யை அழுத்தப் போய், பக்கத்திலிருக்கும் ‘எக்ஸ்’ மேல் விரல் பட்டுவிடுகிறது. கட்டம் காலி. அது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஃபார்மாக (தகவல் நிரப்பும் திரை) இருந்தால், அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்த கணமே அந்தக் காலிக் கட்டம் சேமிக்கப்பட்டுவிடும். ‘சேமிக்கவா?’ என்ற கேள்வியே வராது. இடது ஓரத்தில் பென்சில் படம் தெரிகிற வரைக்கும்தான் எஸ்கேப் அழுத்தி மீட்க முடியும்.

பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கம்போ பாக்ஸ் இன்னும் மோசம். விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற நிரல் கருவியில் செய்த திரையில், கர்சர் அதில் இருக்கும்போது பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினால் மதிப்பே மாறிவிடும். டேட்டாபேஸ் கருவிகளும் சளைத்தவை அல்ல: எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் டேபிள் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘செலக்ட் டாப் 1000 ரோஸ்’ (1000 வரிகளைப் பார்க்க), அதற்கு நேர் கீழே ‘எடிட் டாப் 200 ரோஸ்’ (200 வரிகளைத் திருத்த). அரை அங்குலம்கூட இடைவெளி இல்லை.

தீர்வு இதுதான்: திரை திறக்கும்போது கட்டங்கள் பூட்டியே இருக்கட்டும்; ‘திருத்து’ பட்டனை அழுத்தினால்தான் கட்டங்கள் திறக்க வேண்டும். அப்போது பின்னணி நிறமும் மாறட்டும். சேமித்தாலோ ரத்து செய்தாலோ மறுபடி பூட்டு. ஆக்சஸில் இதற்கு ஃபார்மின் ‘அலவ் எடிட்ஸ்’ (திருத்த அனுமதி) அமைப்பை ‘நோ’ ஆக்குவார்கள். உடனே ஃபார்மில் இருக்கும் தேடல் பெட்டியும் செத்துவிடும், ஏனென்றால் டேபிளோடு இணையாத கட்டங்களையும் அது பூட்டுகிறது. அதனால் தரவுக் கட்டங்களுக்கு மட்டும் ‘டேக்’ என்ற குறிப்புப் பண்பில் ஒரு குறி வைத்து, கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப் ஓட்டி, குறி உள்ளவற்றுக்கு ‘லாக்டு’ (பூட்டு) போடுங்கள். ‘ஆன் கரன்ட்’ நிகழ்விலும் அதே லூப்பைக் கூப்பிட்டால் ரெக்கார்டு மாறும்போதெல்லாம் பூட்டு திரும்ப விழும். கட்டத்தை இயங்கவிடும் ‘எனேபிள்டு’ பண்பின் பக்கம் போக வேண்டாம். அதை ‘நோ’ ஆக்கினால் கர்சரே உள்ளே போகாது, காப்பி எடுக்கவும் வழியில்லை. வெப் ஃபார்மிலும் இதே கதைதான்: ‘ரீட்ஒன்லி’ (படிக்க மட்டும்) கட்டத்தின் மதிப்பு சர்வருக்குப் போகும், ‘டிசேபிள்டு’ (முடக்கிய) கட்டத்தினுடையது போகாது. அதைக் கவனிக்காத சர்வர் நிரல் அந்த இடத்தில் வெற்று மதிப்பை எழுதிவைக்கும்.

பார்ப்பதற்கு, வரியைப் பூட்டிக்கொண்டு படிக்கும் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ கட்டளையைப் போடாதீர்கள். ட்ரான்ஸாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பு) முடியாத நிலையில் ஒருவர் திரையைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அந்த வரியைத் திருத்த வரும் மற்றவர் காத்துக்கிடப்பார். அதைவிட வரிக்கு ஒரு வெர்ஷன் எண் (எத்தனையாவது திருத்தம் என்பது) வைத்து, அப்டேட் கட்டளையில் எந்த வரி என்று சொல்லும் ‘வேர்’ பகுதியில், வரியை அடையாளம் காட்டும் சாவியோடு பழைய எண்ணையும் சேர்த்து, சேமிக்கும்போது எண்ணை ஒன்று கூட்டுங்கள். 0 வரி மாறியது என்று வந்தால், இடையில் வேறு யாரோ அந்த வரியைத் திருத்திவிட்டார்கள் அல்லது நீக்கிவிட்டார்கள். இப்போதைய நிலையைக் காட்டிவிட்டு, என்ன செய்வது என்று கேளுங்கள்.

இத்தனையும் கைத்தவறுக்கான தடுப்புதான், பாதுகாப்பு ஆகாது. பார்க்க மட்டும் வருபவருக்கு ‘செலக்ட்’ (படிக்கும்) உரிமை மட்டுமே உள்ள தனி லாகின் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 14ஆம் வெர்ஷன் முதல் இதற்கென்றே ‘பிஜி_ரீட்_ஆல்_டேட்டா’ என்ற ரோல் (உரிமைத் தொகுப்பு) இருக்கிறது; எல்லா டேபிளையும் படிக்க விடும் என்பதால் சம்பளம், மருத்துவ விவரம் உள்ள இடத்தில் யோசித்துக் கொடுக்க வேண்டும். ‘டிஃபால்ட்_ட்ரான்ஸாக்‌ஷன்_ரீட்_ஒன்லி’ என்ற, எழுதுவதைத் தடுக்கும் அமைப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எழுதும் உரிமை இருப்பவர் ஒரே ஒரு ‘செட்’ கட்டளையில் அதை அணைத்துவிடலாம்.