ஹோதெஷ்: அமாவாசியா, மாதப்பிறப்பா, தலைப்பிறையா?

"இதோ, நாளைக்கு அமாவாசி" என்று, சவுல் அரசனுக்கு அஞ்சி ஒளியப்போகும் தாவீது அவன் மகன் யோனத்தானிடம் சொல்வதாகத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கிறோம் (1 சாமுவேல் 20:5). அமாவாசி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? நிலா இல்லாத இரவு, எள்ளும் தண்ணீரும், முன்னோருக்குத் தர்ப்பணம், ஒருவேளைச் சாப்பாடு. அந்த அதிகாரத்தில் நடப்பதோ விருந்து. சவுல் அரசன் சுவரோரம் தன் வழக்கமான இடத்தில் உட்காருகிறான். பந்தியில் தாவீதின் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. அந்த விருந்தில் துக்க நாளின் சாயல் துளியும் இல்லை. எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் ஹோதெஷ்.

இதன் வேர் 'புதுமை' என்னும் பொருள் கொண்டது. எபிரேயத்தில் ஹதாஷ் என்றால் புதிய. அரபு மொழியின் ஹதீஸ் என்ற சொல்லும் இதே வேர்க் குடும்பம்தான். வட ஆப்பிரிக்கக் கரையில் பினீசியர் கட்டிய கார்த்தேஜ் நகரின் பெயரே 'கர்த் ஹதஷ்த்', அதாவது புது ஊர். ஆக, ஹோதெஷ் என்பது முதலில் புதிதாய்த் தோன்றும் நிலா. அது தோன்றும் நாளுக்கும், பிறகு அந்த நாளில் தொடங்கும் மாதம் முழுவதற்கும் அதே சொல் ஆகிவந்தது.

மாதத்துக்கு எபிரேயத்தில் யெராஹ் என்று இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு. யாரெயாஹ் என்றால் நிலா. யெராஹ் என்றால் மாதம். நம் 'திங்கள்' நிலாவையும் மாதத்தையும் ஒருசேரக் குறிப்பது போலவே. சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கிய சீவ் மாதத்தையும் கட்டி முடித்த பூல் மாதத்தையும் சொல்லுமிடத்தில் (1 இராஜாக்கள் 6:37-38) யெராஹ் வருகிறது. நீசான், ஆதார் போன்ற பாபிலோனியப் பெயர்கள் புழக்கத்துக்கு வருமுன் இருந்த கானானிய மாதப் பெயர்கள் அவை. 1908இல் இஸ்ரேலின் பழைய நகரான கேசேரில் கிடைத்த, உள்ளங்கையில் அடங்கும் சுண்ணாம்புக் கல்லிலும் இந்தச் சொல்தான். கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்படும் அந்தக் கல்லில், அறுவடை இரண்டு மாதம், விதைப்பு இரண்டு மாதம் என்று ஓர் உழவனின் ஆண்டே ஏழு வரிகளில் அடங்கிவிடுகிறது.

ஹோதெஷ் எப்படி உறுதி செய்யப்பட்டது என்பதை, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கண்முன் நிறுத்துகிறது. மேற்கு வானில் பிறையைக் கண்டவர்கள் எருசலேமில் பேத் யாசேக் என்ற பெரிய முற்றத்தில் கூடுவார்கள். அவர்கள் விருப்பத்தோடு வரவேண்டும் என்பதற்காகவே அங்கே பெரிய விருந்து வைப்பார்கள். பிறகு விசாரணை. பிறை கதிரவனுக்கு முன்னால் நின்றதா, பின்னால் நின்றதா? வடக்கிலா, தெற்கிலா? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? யூத அறிஞர் ரபான் கமாலியேல் தம் மேல்மாடியில் பிறையின் வடிவங்களைப் பலகையிலும் சுவரிலும் வரைந்து வைத்திருந்தார். படிப்பறியாத சாட்சிகளிடம், "நீ கண்டது இதுபோலவா, அதுபோலவா?" என்று அவற்றைக் காட்டிக் கேட்பார். சாட்சி ஒத்துப்போனால் மன்றத் தலைவர் "மெகுதாஷ்" (புனிதமானது) என்பார். கூடியிருப்போர் அதையே இருமுறை திருப்பிச் சொல்வார்கள். மாதம் பிறந்துவிடும். இத்தனை ஏற்பாடும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு மெல்லிய கீற்றுக்காக. சவுலின் பந்தி மறுநாளும் தொடர்ந்ததற்கு, பிறை எந்த நாளில் தெரியும் என்பதில் இருந்த ஐயமே காரணம் என்று விளக்குவோர் உண்டு.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? அமாவாசை என்ற வடசொல்லுக்குக் கதிரும் நிலாவும் 'கூடி உறைதல்' என்பது பொருள். நிலா கதிரோடு சேர்ந்து மறைந்த நாள் அது. பழந்தமிழில் காருவா என்றார்கள். ஹோதெஷ் அந்த மறைவு முடிந்து வெளிப்படும் நாள். ஆகவே அமாவாசி என்ற மொழிபெயர்ப்பு பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

அதே பழைய மொழிபெயர்ப்பு சங்கீதம் 81:3இல் 'மாதப்பிறப்பு' என்கிறது. இது நல்ல தமிழ். ஆனால் நம் மாதப்பிறப்பு கதிரவன் ராசி மாறுவதை வைத்து வருவது. சித்திரை முதல் நாளன்று வானில் முழுநிலவே நிற்கலாம். 'மூன்றாம் பிறை'யும் பொருந்தாது, அது அமாவாசையிலிருந்து எண்ணிச் சொல்வது.

சரியான சொல் நம்மிடையே நாள்தோறும் புழங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் ரமலான் நோன்பைத் தொடங்கப் பார்ப்பது தலைப்பிறை. மாலை வானில் கண்ணால் பார்ப்பது, சாட்சி சொல்வது, பொறுப்புள்ளவர் அறிவிப்பது, அந்த மாலையிலிருந்தே நாள் தொடங்குவது என எல்லாமே பொருந்துகின்றன. எபிரேயர் பின்னாளில் இந்த நாளை ரோஷ் ஹோதெஷ் என்றார்கள். ரோஷ் என்றால் தலை! இதைவிட நெருங்கிய இணைச்சொல் கிடைக்காது. நாளைக் குறிக்கத் தலைப்பிறை, மாதத்தைக் குறிக்கத் திங்கள் என்று கொள்ளலாம். "நாளைக்குத் தலைப்பிறை" என்று தாவீது சொன்னால் அந்த விருந்தும் விளங்கும்.

இது வெறும் சொல்லழகுக்காகச் சொல்வதல்ல, காலக்கணிப்பே இதில் தொங்குகிறது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்த நாள், பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகையில் அவனது 7ஆம் ஆண்டு, ஆதார் மாதம் 2 என்று பதிவாகியிருக்கிறது. பாபிலோனிலும் மாதம் பிறை கண்டுதான் தொடங்கியது. அதனால்தான் வானியல் கணக்கால் அந்த நாளை கி.மு. 597 மார்ச் 16 என்று சொல்ல முடிகிறது. அமாவாசையை முதல் நாளாக எண்ணினால் தேதி ஓரிரு நாள் முந்திவிடும். ஆதார் ஆண்டின் கடைசி மாதம். சில வாரத்தில் நீசான் பிறந்தால் 8ஆம் ஆண்டு. எருசலேம் மக்கள் சிறைப்பட்டதை எரேமியா 52:28 7ஆம் ஆண்டு என்றும், 2 இராஜாக்கள் 24:12 அதை 8ஆம் ஆண்டு என்றும் சொல்வதன் பின்னணியை இந்த ஆண்டு மாற்றத்தில் காண்பவர்கள் பலர். என் பார்வையில் இதுவே மிக இயல்பான விளக்கம்.

ஆனால் எல்லா இடத்திலும் தலைப்பிறை என்று போட்டுவிடக் கூடாது. சாக்கடல் அருகே கிடைத்த கும்ரான் குகைச் சுருள்களில் காணும் 364 நாள் ஆண்டில் ஹோதெஷ் நிலாவைச் சாராத மாதம். இன்றைய யூத நாட்காட்டியும் கண்ணால் பார்ப்பதை விட்டுக் கணக்குக்கு மாறிவிட்டது. அங்கே அடிப்படை மோலாத், அதாவது 'பிறப்பு': கதிரும் நிலாவும் கூடும் நொடியின் சராசரிக் கணிப்பு. ஒரு மோலாதுக்கும் அடுத்ததற்கும் இடையே 29 நாள், 12 மணி, ஒரு மணியை 1080 கூறாக்கியதில் 793 கூறு. அந்த இடங்களில் 'திங்கள் முதல் நாள்' என்பதே போதும்.