பிரீமியம் பெட்ரோல், ஆக்டேன் எண்: சொல் விளக்கம்

பிரீமியம் பெட்ரோல் என்றால் ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல். பொருள் அவ்வளவுதான். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பங்க்குகளில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. "சாதாவுங்களா, பவருங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். 'பவர்', 'ஸ்பீடு' என்பவை எண்ணெய் நிறுவனங்கள் வைத்த வணிகப் பெயர்கள். அவையே பொதுப்பெயராகிவிட்டதால், காசு கூடக் கொடுத்தால் வண்டிக்கு வலுவும் வேகமும் கூடும் என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டது. சாதாரண பெட்ரோலுக்கென்று வடிவமைத்த காரில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஏன் என்பது 'ஆக்டேன்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் 'பிரீமியம்'. இலத்தீனில் 'பிரேமியம்' என்றால் பரிசு. 'முன்' என்ற முன்னொட்டும் 'எடு' என்ற வினையும் சேர்ந்தது. மற்றவர்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் பங்கு என்பது மூலப்பொருள். ஆங்கிலத்தில் அது வெகுமதியாகி, காப்பீட்டுக்குக் கட்டும் தொகையாகி, பிறகு 'சிறந்த' என்ற அடைமொழியாகவும் ஆனது. எல்ஐசி தவணை கட்டும் நமக்கு நடுப்பொருள் நன்றாகத் தெரியும். பங்க்குப் பலகையில் இருப்பது கடைசிப் பொருள். 'உயர்தரப் பெட்ரோல்' என்று தமிழாக்குபவர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

'ஆக்டேன்' கிரேக்க 'ஒக்டோ'விலிருந்து வந்தது. எட்டு என்று பொருள். எட்டு கார்பன் அணுவும் பதினெட்டு ஹைட்ரஜன் அணுவும் கொண்ட சேர்மத்தின் பெயர். மீத்தேன், புரொப்பேன் என்று முடிவதுபோலவே இதுவும் முடிகிறது. அளவுகோலாக அது மாறியது 1926இல். அமெரிக்காவின் எத்தில் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த கிரகாம் எட்கர் என்ற வேதியியலாளர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். இன்ஜினில் மிக மோசமாகத் தட்டிய (உலோகம் தட்டுவதுபோல் சத்தம் எழுப்பிய) நார்மல் ஹெப்டேனுக்கு 0. தட்டாமல் தாங்கிய ஐசோ ஆக்டேனுக்கு (ஆக்டேனின் கிளைவிட்ட வடிவம்) 100. ஒரு பெட்ரோலின் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அந்தப் பெட்ரோலும் அவ்வளவு தாங்கும் என்று பொருள். பெட்ரோலுக்குள் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்பதல்ல. இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. எட்டு கார்பனும் ஒரே சங்கிலியாக நீளும் நார்மல் ஆக்டேனின் ஆக்டேன் எண் பூச்சியத்துக்கும் கீழே.

எதைத் தாங்குவது? வால்பாறை ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. இரண்டாவது கியருக்கு வராமல் மூன்றிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பழைய வண்டியாக இருந்தால் பானட்டுக்குள்ளிருந்து உலோகம் தட்டுகிற சத்தம் வரும். "இன்ஜின் தட்டுதுங்க, கியரைக் குறைங்க" என்பார்கள் மெக்கானிக்குகள்.

பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல்-காற்றுக் கலவையை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் நெருப்பு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பரவவேண்டும். நெருப்பு வந்து சேரும் முன்பே மறு ஓரத்துக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால், அழுத்த அலை சிலிண்டர் சுவரை அறைகிறது. அதுதான் தட்டல். விடாமல் தட்டினால் பிஸ்டனே உடையும். இன்றைய கார்களில் அதை உணர்ந்து சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. இன்ஜினின் கணினி உடனே பொறியைச் சற்றுத் தாமதமாக்கிவிடும். சத்தம் கேட்காது, ஏற்றத்தில் பிக்கப் கொஞ்சம் குறையும்.

ஆக, ஆக்டேன் எண் சொல்வது ஒன்றே ஒன்று: பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும். லிட்டரில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் வடக்கயிறு தடிமனாக இருந்தால் அறாது. அதற்காகத் தண்ணீர் அள்ளும் சாலில் ஒரு குடம் தண்ணீர் கூட வந்துவிடாது. 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினுக்குள் 95 ஊற்றினால், தட்டாத இடத்தில் இன்னும் தட்டாமல் இருக்கும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016இல் சோதித்தபோதும், சாதாரண பெட்ரோலுக்கான கார்களில் பிரீமியம் ஊற்றியதால் குதிரைத்திறனிலோ மைலேஜிலோ புகையிலோ குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தெரியவில்லை. (அவர்கள் பங்க்கில் எழுதியிருக்கும் 87 நம்முடைய 91க்கு நெருக்கமானது, அளக்கும் முறை வேறு. இரண்டையும் நேராக ஒப்பிட்டுக் குழம்பக்கூடாது.)

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108 அளவில். பெட்ரோலில் 20 சதவீதம் அது கலந்தபின், சாதாரணக் குழாயில் வருவதே 95ஐ எட்டக்கூடும். ஆனால் எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது. ஆக்டேன் என்றால் வலு என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்றை யோசித்தாலே போதும்.

இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் என்ற பேச்சும் உண்டு. அது பிரீமியத்தில் சேர்க்கும் அழுக்கு நீக்கிகளின் வேலை. அதில் பயன் இருக்கலாம். ஆனால் அது ஆக்டேனுக்குரிய குணமல்ல.

இனி தமிழ்ச்சொல். பாடநூல்கள் 'ஆக்டேன் எண்' என்கின்றன. இலங்கைத் தமிழர் 'ஒக்டேன்' என்பார்கள். அங்கே பெட்ரோலை 'ஒக்டேன் 92', 'ஒக்டேன் 95' என்று எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருக்கிறது. வாங்குகிறவர் மயங்க இடமில்லை. எட்டைப் பிடித்துக்கொண்டு 'எண்மம்' என்று ஆக்கினால் 'எண்ம எண்' என்று நாக்கு சிக்கும்; போதாததற்கு 'எண்மம்' ஏற்கெனவே டிஜிட்டலுக்குப் போய்விட்டது. அளக்கப்படும் குணத்தைச் சொன்னால் சிக்கல் தீரும். சுமைதாங்கி, இடிதாங்கி என்று நம்மிடம் வார்ப்பு இருக்கிறது. தட்டுது என்ற சொல்லைப் பட்டறையே தந்திருக்கிறது. 'தட்டுதாங்கு எண்' என்பது என் பரிந்துரை. பிரீமியம் பெட்ரோலை 'உயர்தரப் பெட்ரோல்' என்னாமல் 'உயர்-ஆக்டேன் பெட்ரோல்' என்றோ 'மிகைதாங்கு பெட்ரோல்' என்றோ எழுதலாம். 'உயர்தரம்' என்றால் சாதாரணமானது மட்டம் என்றாகிவிடுகிறது. அது பொய்.

உண்மையிலேயே கூடுதல் எண் தேவைப்படும் வண்டிகளும் உண்டு: டர்போ வைத்த சில பெட்ரோல் கார்கள், அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவு) கூடிய சில பைக்குகள், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தய வண்டிகள். ஆனால் 12:1 அழுத்த விகிதம் இருந்தும் சாதாரண பெட்ரோலிலேயே ஓடும்படி செய்த கார்களும் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. எனவே ஊகிக்க வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ குறைந்தபட்ச எண் போட்டிருக்கும். 91 என்றிருந்தால், அடுத்தமுறை "பவருங்களா?" என்று கேட்கும்போது, "வேண்டாமுங்க, சாதாவே போடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம்.