ஊஞ்சலுக்கு முன் தரையைப் பாருங்கள்

பூங்கா அமைக்கக் கூடும் கூட்டத்தில் முதலில் கைமாறுவது விளையாட்டுச் சாமான்களின் படப்பட்டியல்தான். எத்தனை ஊஞ்சல், என்ன வண்ணம் என்று பேச்சு ஓடும். தரையின் முறை கடைசியில், மிஞ்சிய பணத்தோடு வரும். இது தலைகீழ் வரிசை. விளையாட்டிடத்தில் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருவது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்கள் என்பதோடு எதன்மேல் விழுந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

புல்தரை போதாதா என்று கேட்பார்கள். ஓடியாடப் போதும். ஏறி இறங்கும் சாமானுக்கு அடியில் போதாது. கால் பட்டுப் பட்டுப் புல் தேய்ந்து, மண் கல்லாக இறுகிவிடும். அங்கே மணல், மரச்சில்லு போன்ற உதிரிப்பொருள் வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டுக் கணக்கில், 23 செ.மீ. ஆழ மணல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்துக்குத்தான் காப்பு. அதே ஆழ மரச்சில்லு 2 மீட்டரைத் தாண்டியும் காக்கும். ஆகவே மணல்தான் கிடைக்கும் என்றால் சாமானின் உயரத்தைக் குறையுங்கள். கொட்டிய பொருள் நாளடைவில் கால்பங்கு அமுங்கும் என்பதால், 23 செ.மீ. நிற்க 30 செ.மீ. கொட்ட வேண்டும். அடியில் நீர் வடிய 8 முதல் 15 செ.மீ. ஜல்லி, அதன்மேல் நீரை மட்டும் வடியவிடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகே மணலோ சில்லோ. துணியை மிச்சம் பிடித்தால் ஜல்லியும் மணலும் கலந்து, வடிகால் அடைபடும். ரப்பர் தரை சக்கர நாற்காலிக்கு வசதி; நிழல் இல்லாத இடத்தில் வெறுங்காலைச் சுட்டுவிடும்.

அசையாத சாமானைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் காலியிடம் விடுங்கள். ஊஞ்சலுக்குக் கணக்கு வேறு: மேல் அச்சு தரையிலிருந்து 2.4 மீட்டரில் இருந்தால், முன்னே 4.8, பின்னே 4.8 மீட்டர். ஒரு சட்டத்தில் இரண்டு இருக்கைக்கு மேல் வேண்டாம். மூன்று இருந்தால், நடு இருக்கைக்குப் போகும் பிள்ளை ஓர ஊஞ்சலின் பாதையில் குறுக்கிடும். இருக்கை ரப்பராக இருக்கட்டும். மரப்பலகை மண்டையைப் பிளக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கம்பிச் சந்து. 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்தில் சின்னப் பிள்ளையின் உடல் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். கால் தரைக்கு எட்டாவிட்டால் கழுத்தில் தொங்கும் நிலைதான். வெல்டிங்குக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே இந்த இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் கொண்டுவந்து கட்டும் கயிற்றையும் அன்றன்றே அவிழ்க்க வேண்டும்.

ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குத் தனிப் பகுதி. பெரியவர்களின் பெஞ்சிலிருந்து இரு பகுதியும் தெரிய வேண்டும். நடுவே உயரமான வேலிச்செடி வேண்டாம். சறுக்குமரம் பிற்பகல் வெயிலைப் பார்த்து நிற்கக் கூடாது. தகரச் சறுக்கு தொடையைப் பொசுக்கிவிடும்.

திறப்பு விழாவுக்குப் பின் முதலில் கெடுவதும் தரைதான். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் முடிவிலும் கால் பட்டுக் குழி விழும். சுற்றிலும் ஆழம் சரியாக இருந்தாலும், பிள்ளை விழும் இடத்தில் இராது. தூண்களில் மணல்மட்டத்துக்கு ஒரு பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். கோட்டுக்குக் கீழே மணல் இறங்கியிருந்தால், செடிக்குத் தண்ணீர் விடுபவரே பார்த்ததும் வாரி இழுத்துச் சமன் செய்யலாம்.