‘எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, டாக்டர்!’

பிறந்து ஒன்பதே நாளான ஆண் குழந்தையைச் சென்ற வாரம் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். இரண்டு கணுக்கால்களிலும் தோல் இல்லை. அரைஞாண் கயிறு கட்டியிருந்த இடம் முழுவதும் கொப்புளம் வெடித்துச் சிவந்திருந்தது. புறங்கையில் ஊசியை நிறுத்த ஒட்டிய பிளாஸ்திரியை யாரோ பிரித்திருக்கிறார்கள்; பிளாஸ்திரியின் நீள அகலத்துக்கே தோல் உரிந்து வந்திருந்தது. போதாக்குறைக்கு, அக்கி என்று நினைத்துக் காவியும் எழுதியிருந்தார்கள்.

இது அக்கியும் அன்று, அம்மையும் அன்று. ‘எபிடெர்மோலைசிஸ் புல்லோசா’ என்னும் அரிய பரம்பரைத் தோல் நோய் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், குழந்தையின் தாத்தா, “எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, டாக்டர்” என்றபடி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் அவருடைய மூத்த மகள் வயிற்றுப் பேத்தி, தாய்மாமனுக்கே கட்டிவைத்திருக்கிறார்கள். இந்தப் பார்வையை எத்தனையோ குடும்பங்களில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

யாருக்கும் இல்லை என்பதனாலேயே அது பரம்பரை நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக நமக்கு வருகிறது. இந்நோயின் கடுமையான வகைகள் பெரும்பாலானவற்றில், ஒரு பிரதி பழுதாகி மற்றது நன்றாக இருப்பவரின் தோலில் ஒரு கீறல்கூடத் தெரியாது. அவர் நூறு வயது வாழ்ந்தாலும் தம்மிடம் அப்பழுது இருப்பதை அறியமாட்டார். அப்படிப்பட்ட இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். தாய்மாமனும் அக்காள் மகளும் ஒரே மூதாதையரின் மரபணுக்களைப் பகிர்ந்துகொள்வதால், ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். உறவே இல்லாத தம்பதியருக்கும் இது நேரலாம். “முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது” என்று கணக்குப் போடுவோரும் உண்டு. அந்த 25 சதவீதம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. இதில் தாயை மட்டும் குற்றம் சொல்ல எந்த நியாயமும் இல்லை.

மேல்தோலுக்கு வலுவூட்டி அதைக் கீழ்த்தோலுடன் பிணைத்து வைக்கும் கெராட்டின், லேமினின், ஏழாம் வகைக் கொலாஜன் போன்ற புரதங்களில் ஒன்று குறைபடுவதே காரணம். கெராட்டின் பழுதான வகை பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம் கட்டும், வெயில் காலத்தில் கூடும், வடு விடாமல் ஆறும். கொலாஜன் பழுதான கடும் வகையில் நகங்கள் விழுந்து, ஆறும் புண்களின் வடுவால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உணவுக்குழாய் சுருங்கிச் சோறு விழுங்குவதே பாடாகிவிடும். இளம் வயதிலேயே தோல் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால், ஆறாத புண்ணைப் பயாப்சி (சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்யாமல் விடாதீர்கள்.

இது தொற்றாது, தயங்காமல் தூக்குங்கள். ஆனால் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம். பிடரியின் கீழும் பிட்டத்தின் கீழும் கையை விட்டு ஏந்துங்கள். அரைஞாண், வளையல், கொலுசு, கடலைமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். தையல் வெளிப்புறம் வருமாறு சட்டையைத் திருப்பிப் போடுங்கள். பெரிய கொப்புளத்தைச் சுத்திகரித்த ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் வாசலின் தடவிய காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். பச்சிலைச் சாறும் மஞ்சளும் புண்ணில் படக்கூடாது. செவிலியர்களையும் சக மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கொப்புளத்துடன் பிறந்த குழந்தைக்குப் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், சிலிக்கோன் பட்டையோ துணிக்கட்டோ போதும்.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் தம்பதியர், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே, நோயுள்ள குழந்தையின் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து முடித்திருக்க வேண்டும். எந்த மரபணுவில் எந்தப் பழுது என்று தெரிந்திருந்தால்தான், சுமார் 11ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைச் சோதிக்க முடியும். அந்தத் தாத்தாவிடம் இதைச் சொல்லி, குழந்தை, தாய், தந்தை மூவரின் இரத்தத்தையும் அன்றே எடுத்து அனுப்பினேன்.